நகையுள் மறைந்த அழுகை: ஃபார்லி மோவட்டின் நாய்க்கதை பற்றிய ஒரு மீள்நோக்கு

நகைச்சுவை நூல்கள் ஆராய்ச்சியாளர் கருத்தை ஈர்ப்பது அரிது. படிக்குங்கால் மகிழ்விப்பன, படித்து முடிந்தபின் மறக்கத்தக்கன என்னும் எண்ணமே அவற்றைப்பற்றி நிலவுகின்றது. சிறுவர் வாழ்வையும் வளர்ப்பு விலங்கையும் பொருளாகக் கொண்ட நகைச்சுவை நூலாயின், அது சிறுவர் நூல் வரிசையில் வைக்கப்பட்டு ஆய்வுக்கு அப்பாற்பட்டதாகிவிடுகின்றது. எனினும், இளமையிற் படித்துச் சிரித்த நூலொன்றைப் பல்லாண்டு கழித்து மீண்டும் பயில்வார்க்கு இரண்டில் ஒன்று நேரும். சிரிப்பு வற்றிப்போயிருத்தல் ஒன்று. சிரிப்பு வற்றாதிருக்கவே, அதன் அடியில் முன்னர்க் காணாத பிறிதொரு சுவை புலனாதல் மற்றொன்று. இரண்டாவது நிலைக்குச் சிறந்த சான்றாகும் கனடிய நூலொன்றைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் துணைகொண்டு ஈண்டு ஆராய்வாம்.

ஃபார்லி மோவட் 1921-இல் கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்துப் பெல்வில் நகரிற் பிறந்தவர், 2014-இல் மறைந்தவர். 'நாயாயிருக்க இசையாத நாய்' எனத் தமிழில் தலைப்பைப் பெயர்த்துரைக்கத்தக்க அவரது நூல் 1957-இல் வெளிவந்தது. தந்தை ஆங்கஸ் மோவட் ஒரு நூலகர். அவர் சஸ்கட்டூன் நகரப் பொது நூலகத்தின் தலைமையை ஏற்றமையால், குடும்பம் கிழக்கே ஏரிக்கரை வாழ்வை நீத்து, மேற்கே சமவெளி நிலத்திற் குடியேறியது. அங்கு வந்து சேர்ந்த 'மட்' என்னும் நாயின் வாழ்வே நூலின் பொருள். கலப்பின நாய் என்பதே அப்பெயரின் பொருளாகும்.

நகையின் நால்வகை நிலைக்களன்

நகை பிறத்தற்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியர் வகுத்தார். அவை தன்கண் தோன்றியும் பிறர்கண் தோன்றியும் நகை விளைக்கும் எனப் பேராசிரியர் விளக்கினார். இந்நான்கும் மோவட்டின் நூலில் நிரம்ப அமைந்துள்ளன.

வாத்துக் குஞ்சு விற்க வந்த சிறுவன் ஒருவனிடமிருந்து, தாய் நான்கு சென்ட் விலைக்கு அந்நாய்க்குட்டியை வாங்குகின்றாள். உருவத்தில் எவ்வினத்தையும் சாராத அதனைத் தந்தை எள்ளுகின்றார், ஊராரும் எள்ளுகின்றனர். இன்ன இனம் என வினவுவார்க்கு விடையாக, உலகில் இல்லாத ஓர் உயரினத்தின் பெயரைக் குடும்பத்தார் புனைந்துரைக்கின்றனர். இஃது எள்ளலின்பாற்படும். இந்நிகழ்ச்சிகளையெல்லாம் காணும் கண் சிறுவனுடையது ஆகலின், இளமை நூல் முழுதும் பரந்துள்ளது. பேதைமையோ நாயின் இயல்பிலேயே அமைந்தது. தான் நாய் என்பதனை அஃது அறிவதில்லை; அன்றி, அறிந்தும் ஏற்பதில்லை. வேலியின் மேல் நடக்கின்றது; ஏணியிலும் மரத்திலும் ஏறுகின்றது; புழுதிக்குக் காப்புக் கண்ணாடி அணிந்து குடும்பத்தின் ஃபோர்டு வண்டியில் வீற்றிருந்து செல்கின்றது.

நான்கனுள் மிக நுட்பமானது மடன். ஒருவர் கற்பித்ததனைப் பற்றிக்கொண்டு, பற்றியதனை விடாதிருக்கும் தன்மையே மடன் என்பது உரையாசிரியர் கருத்து. சுட்டு வீழ்த்திய பறவையைத் தேடிக்கொணரும் பயிற்சி பெற்ற அந்நாயின் திறத்தைத் தந்தை அயலூரார் ஒருவரிடம் வியந்து பேச, அது பந்தயத்தில் முடிகின்றது. நகரத் தெருவிற் பறவை ஏது? ஏவப்பட்ட நாய் கடையொன்றிற் காட்சிக்கு வைத்திருந்த, பஞ்சு பொதித்த காட்டுக்கோழி ஒன்றைக் கவ்விக்கொணர்ந்து தந்தையின் பெருமையைக் காக்கின்றது. கொண்டதனை விடாத மடனுக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு காண்டல் அரிது. கடலினின்றும் பல நூறு கல் தொலைவிலுள்ள வறண்ட சமவெளியில் தந்தை படகு கட்டிச் செலுத்த முனைவதும் அத்தகையதே. நாயும் தலைவனும் இம்மடனால் ஒத்தவராகின்றனர்.

அழுகையின் நால்வகை நிலைக்களன்

முதன்முறை பயில்வோர் இவ்வளவில் நின்றுவிடுவர். மீண்டும் பயில்வோர்க்கோ, இந்நிகழ்ச்சிகளே வேறொரு முகம் காட்டுகின்றன. அழுகைக்கு நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் கூறிய இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கும் இந்நூலின்கண் மறைந்து நிற்றலை அவர் காண்பர்.

நூலின் தொடக்கத்தை நோக்குக. நண்பகலில் நகரம் இருண்டிருக்கின்றது. கைவிடப்பட்ட வயல்களினின்றும் எழுந்த புழுதி கதிரவனை மறைத்தமையே அதற்குக் காரணம். 1930-களில் கனடியச் சமவெளியைத் தாக்கிய வறட்சியும், 1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியால் கோதுமை விலை சரிந்தமையும் ஒருங்கு சேர்ந்து உழவர் குடிகளை நிலைகுலையச் செய்தன. பாழான நிலங்களை மீட்டற்கெனக் கனடிய அரசு 1935-இல் தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது. அத்தகைய இருளில்தான் நான்கு சென்ட் நாய்க்குட்டி வீட்டினுள் நுழைகின்றது.

நுகரவேண்டும் என்னும் பற்று இருந்தும் நுகரப்பெறாத உள்ளநிலையையே பேராசிரியர் வறுமை எனக் கொண்டார். தந்தை விரும்பியது உயரின வேட்டைநாய். நூலகர் ஊதியத்திற்கு அதன் விலை ஒவ்வாது. அவ்விருப்பத்தைத் தடுக்கும் பொருட்டே தாய் முந்திக்கொண்டு கலப்பினக் குட்டியை வாங்கினாள். ஆகவே, நாய் வந்த நிகழ்ச்சி எள்ளலுக்கு நிலைக்களனாதல் போன்றே வறுமைக்கும் நிலைக்களனாகின்றது. இல்லாத இனப்பெயரைப் புனைதற்கண் இளிவும் உள்ளது. பிறர் இகழ்ச்சிக்கு அஞ்சியே அப்பெயர் பிறந்தது.

அசைவாவது, பண்டைநிலை கெட்டு வேறுநிலை எய்தி வருந்துதல். குவின்டி விரிகுடாவின் கரையில் நீரோடும் படகோடும் வாழ்ந்த ஒருவர் புழுதிநிலத்திற் படகு கட்டுவராயின், அச்செயலை மடன் என நகைத்து விடுதல் இயலுமோ? இழந்த நீர்நிலையை அவர் கைகள் மறக்கவில்லை. முதற்பயிற்சியில் மடனாகத் தோன்றியது மறுபயிற்சியில் அசைவாகத் தோன்றுகின்றது. நிகழ்ச்சி மாறவில்லை, காண்போர் வயதே மாறியது.

நான்காவதாகிய இழவு இறுதி இயலில் வெளிப்படுகின்றது. மீண்டும் கிழக்கே குடிபெயர்ந்தபின், முதுமையுற்ற நாய் சாலையில் விரைந்து வந்த பாரவண்டியால் இறக்கின்றது. ஆசிரியர் ஈண்டு நகையாடவில்லை, நீட்டித்து அரற்றவுமில்லை. சில பக்கங்களில் நூல் முடிகின்றது. சிரித்துவந்த நூல் இவ்வாறு முடிதல் பொருந்துமோ என இளமையில் வினவியவர்க்கு மறுபயிற்சியே விடை தருகின்றது. அழுகையின் மூன்று நிலைக்களன்களும் முன்னரே விதைக்கப்பட்டிருத்தலின், நான்காவது முறையாகவே வந்து சேர்கின்றது.

ஒரு தடையும் விடையும்

நூலின் முதல் நிகழ்ச்சி 1929-ஆம் ஆண்டினதாகக் கூறப்பட்டுள்ளது. மோவட் குடும்பம் சஸ்கட்டூனிற் குடியேறியதோ 1933-இல். 1996-இல் 'சாட்டர்டே நைட்' என்னும் கனடிய இதழ் இவருடைய வடபுலம் பற்றிய நூல்களின் மெய்ம்மையை ஐயுற்று எழுதியது. ஆகவே, இந்நாய்க்கதையும் பொய்யோ எனின், அற்றன்று. உலகியல் வழக்கும் நாடக வழக்கும் இயைந்ததே புலனெறி வழக்கம் என அகத்திணைக்கு வகுத்த நெறி, நினைவிலிருந்து எழும் இத்தகைய உரைநடைக்கும் ஒளி தருவதாகும். வேலிமேல் நடந்த நாயின் ஒவ்வோர் அடியும் மெய்யாயிருத்தல் வேண்டுவதில்லை. அதனைக் கண்டு நகைத்த குடும்பத்தின் வறுமையும் அசைவும் மெய்யாயிருத்தல் சாலும். வரலாற்று நூல் எனத் தன்னைக் கூறிக்கொள்ளும் நூலுக்கு இவ்விலக்கு உரியதன்று என்பதையும் உடன் கூறுதல் நேர்மை.

ஆசிரியர் எழுதிய வரிசையும் கருதத்தக்கது. 1943-இல் சிசிலியிலும் பின்னர் இத்தாலியிலும் போரிட்டவர் அவர். வடபுலப் பழங்குடியினர் பசியால் மடிந்தமை கூறும் நூலை 1952-இலும், தம் படைப்பிரிவின் போர் வரலாற்றை 1955-இலும் வெளியிட்டார். அவற்றின் பின்னரே 1957-இல் இந்நகைச்சுவை நூல் தோன்றியது. இறப்பைப் பலகாலும் கண்ட கை, நாய் ஒன்றன் இறப்பை அடக்கமாக எழுதியதில் வியப்பில்லை.

நகையை மட்டும் காண்பது அரைப் பயிற்சி. நகையை விடுத்து அழுகையை மட்டும் தேடுவதும் அத்தகையதே. எள்ளலோடு இளிவும், மடனோடு அசைவும் ஒரே நிகழ்ச்சியில் தங்கி நிற்றலே இந்நூலின் ஆற்றல். நம் மொழியிலும் சிரித்து வைத்த நூல்கள் பல, சிறுவர்க்குரியன என ஒதுக்கப்பட்டுக் கிடக்கின்றன. அவற்றை மெய்ப்பாட்டியல் நோக்கில் மீண்டும் எடுத்துப் பயிலுதல் இளைய ஆராய்ச்சியாளர்க்குப் பயன்தரும் பணியாம் என்பது எம் துணிபு.