லீவு ஒரே நாள், அதிசயம் எத்தனை! திருப்பூர் ஜோடிகளே, இதெல்லாம் தெரியுமா?

சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஒன்றரை ஷிப்ட் முடித்து, லைன் வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டால் மணி பத்தாகிவிடும். மிச்சம் ஒரே ஒரு ஞாயிறு! தேனியிலிருந்தும் திருவாரூரிலிருந்தும், ஏன், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, அவர் ஓவர்லாக்கிலும் அவள் செக்கிங்கிலும் பாடுபடும் ஜோடிகளைக் கேளுங்கள். "இந்த ஊர்ல பார்க்க என்னங்க இருக்கு, பனியனைத் தவிர?" என்பார்கள். சொந்த ஊர்க்காரர்களும் அதையேதான் சொல்கிறார்கள், அதுதான் வேடிக்கை!

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஊத்துக்குளி ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் உலகப் புகழ் பெற்ற ஒரு ஏரி இருக்கிறது, தெரியுமா? நஞ்சராயன் குளம்! 2022-ல் தமிழ்நாட்டின் 17-வது பறவைகள் சரணாலயம் ஆனது. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலேயே ஏறிவிட்டது. ஈரான் நாட்டு ராம்சர் நகரில் 1971-ல் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி உலகம் முழுக்கக் காக்கப்படும் நீர்நிலைகளின் பட்டியல் அது! நஞ்சராயன் என்ற மன்னர் முன்னொரு காலத்தில் சீரமைத்ததால் இந்தப் பெயர் என்கிறார்கள். பரப்பு சுமார் 125 ஹெக்டேர். பதிவான பறவை இனங்கள் 191! சாயப்பட்டறைக் கழிவால் நொய்யல் நொந்து கிடந்த ஊரில், பக்கத்திலேயே கூழைக்கடாக்கள் மீன் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்றால் நம்ப முடிகிறதா? விடியற்காலையில் போங்கள். பத்து மணிக்கு மேல் போனால் வெயிலைத்தான் பார்க்கலாம்.

சரி, முதலை பிடிக்குமா? அவினாசிக்குப் பஸ் ஏறுங்கள். அவினாசிலிங்கேசுவரர் கோயிலின் பெருங்கதையே முதலைக் கதைதான்! தாமரைக்குளத்தில் குளித்த சிறுவனை முதலை விழுங்கிவிட்டது. ஆண்டுகள் கழித்து அந்தப் பக்கம் வந்த சுந்தரர் பதிகம் பாட, முதலை அவனை உமிழ்ந்தது. வெளியே வந்த பையன் விழுங்கப்பட்ட வயதில் வரவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்த்தியோடு வந்தான்! புராணம் கணக்கில் எவ்வளவு கறார், பார்த்தீர்களா?

நிஜ முதலை வேண்டும் என்பவர்களுக்கு உடுமலை வழியாக அமராவதி அணை. காமராஜர் முதல்வராக இருந்தபோது 1957-ல் கட்டி முடித்தது. அணை கட்டினால் மீன் வரும், சரி. இங்கே முதலைகளும் பெருகின! நீர்த்தேக்கத்தில் இயல்பாக வாழும் சதுப்புநில முதலைகளின் முட்டைகளைக் கரையிலிருந்து சேகரித்துப் பொரிக்க வைக்கத்தான் 1970-களில் அங்கே முதலைப் பண்ணையே வந்தது. உச்சபட்ச அதிசயம் இனிமேல்தான்: முட்டைக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்று முடிவு செய்வது தாயும் இல்லை, தகப்பனும் இல்லை, கூட்டின் சூடு! 32.5 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால் ஆண் குஞ்சுகள், அதைவிடக் குறைந்தால் பெண் குஞ்சுகள். அயர்ன் டேபிளில் நிற்பவருக்கு ஒரு டிகிரியின் அருமை சொல்லாமலே புரியும்! மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய்விடுவது உத்தமம். அங்கே விலை அதிகம் என்று அவர் முணுமுணுத்தால் நாளே கெட்டுவிடும்.

காங்கேயம் ரோட்டில் போனால் படியூர் வரும். யாரும் இறங்குவதில்லை. அந்த மண்ணில் கிடைத்த பெரில் கல், ரோமானியர்கள் விரும்பி வாங்கிய கல் என்றால்? ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த வட்டாரம் எக்ஸ்போர்ட் செய்திருக்கிறது! இன்னும் கொஞ்சம் போனால் சிவன்மலை. பக்தர் ஒருவரின் கனவில் முருகன் வந்து ஒரு பொருளைச் சொல்வார். சன்னதியில் பூக்கேட்டு உத்தரவு உறுதியானால் அந்தப் பொருள் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறும். அடுத்த கனவு வரும்வரை, நாளாகட்டும் மாதமாகட்டும், அதுவே இருக்கும். மண், தண்ணீர், துப்பாக்கி, ஏன், சைக்கிள்கூட இருந்திருக்கிறது! அந்தப் பொருளால் நாட்டில் ஏதோ நடக்கும் என்பது நம்பிக்கை. நூல் விலை ஏறுமா என்று பெட்டியைப் பார்த்துக் கணிக்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

தூரம் போக முடியாத வாரமா? ரயில்வே ஸ்டேஷன் பக்கத்திலேயே திருப்பூர் குமரன் நினைவகம். 1932 ஜனவரியில் கொடியை விடாமல் அடிபட்டு உயிர்விட்ட அந்த இளைஞரும் இந்த ஊர்க்காரர் இல்லை, தெரியுமா? பிறந்தது 1904-ல், சென்னிமலையில். பிழைக்க இங்கே வந்தவர்தான்!

சாயங்காலம் காதர்பேட்டை. எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய சரக்கு மலை மலையாகக் குவிந்திருக்கும். வெளிநாட்டு லேபிளோடு தொங்கும் டி-ஷர்ட்டை, போன மாதம் நீங்களே செக்கிங் டேபிளில் பிரித்துப் பார்த்துப் பிசிறு வெட்டியிருக்கலாம்! அப்படியிருந்தும் கடைக்காரர் சொன்ன விலைக்கே வாங்கிவிடாதீர்கள். பாதியிலிருந்து பேச ஆரம்பிக்கலாம். காலை எட்டரைக்குக் கம்பெனி சங்கு ஊதும், சீக்கிரம் வீடு போய்ச் சேருங்கள்.