முந்திய உறுப்பும் பிந்திய உறுப்பும்

பழைய மோட்டார் வண்டியைச் செப்பனிடப் புகுவோர்க்கு முதலில் எழும் ஐயம் ஒன்று உண்டு. அடியில் காணும் உறுப்புகள் அவ்வண்டியோடு பிறந்தவையா, பின்னர் வந்து சேர்ந்தவையா என்பதே அது. இதனை ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் ஒரு வண்டியைக் கொண்டே விளக்க விரும்புகிறேன். சென்னையை அடுத்த வண்டலூரில் உருவான வண்டி அது. இப்போது பாளையங்கோட்டையில் என் பழைய மாணாக்கர் ஒருவர் அவ்வகை வண்டி ஒன்றைப் பிரித்துப் போட்டு வைத்திருக்கிறார்.

ஹெரால்டு 1959இல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் என்னும் பெயரோடு வெளிவந்தது. அதன் வடிவை வகுத்தவர் மிக்கேலாட்டி என்னும் இத்தாலியர். ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனத்தார் 1961இல் அதனை இங்கே செய்யத் தொடங்கினர். பின்னர் நான்கு கதவு வண்டியும், 1972இல் கெசல் என்ற வண்டியும் வந்தன. அம்பாஸிடருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. உடலும் அடித்தளமும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டவை. ஹெரால்டு அவ்வாறன்று. சேஸிஸ் எனப்படும் இரும்புச் சட்டகம் வேறு, உடல் வேறு. உடலைப் பல பகுதிகளாகச் செய்து போல்ட்டுகளால் சட்டகத்தின்மேல் முடுக்கியிருப்பார்கள். ஆதலின் ஒரு வண்டியின் உடல் மற்றொன்றின் சட்டகத்தில் ஏறிவிடக் கூடும். பெயர்ப்பலகையை நம்பலாமோ எனின், அதுவும் கழற்றி மாட்டக்கூடிய பொருளே. எஞ்சினும் உதவாது, ஹெரால்டுக்கும் கெசலுக்கும் அதே 948 கன சென்டிமீட்டர் எஞ்சின்தான்.

கோயில் திருப்பணிகளில் பழைய கல்வெட்டுக் கல்லைப் பெயர்த்துப் புதிய சுவரில் வைத்துவிடுவது உண்டு. அந்த ஒரு கல்லைப் படித்துச் சுவரின் வயதைக் கூறலாகாது அல்லவா? இங்கும் அப்படியே. ஆகவே பின்னச்சைப் பார்க்க வேண்டும். வேறுபாடு அங்கேதான் தெளிவாக உள்ளது.

நம் மாட்டு வண்டியின் இருசை நினைத்துக்கொள்ளுங்கள். இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே தண்டு அது. கெசலின் பின்னச்சு அதற்கு இனமானது: சக்கரங்களுக்கிடையே விறைத்த ஓர் உறை, நடுவே பற்சக்கரப் பெட்டி, வண்டி குலுங்கும்போது பெட்டியும் சக்கரங்களோடு ஏறி இறங்கும். முந்திய ஹெரால்டில் அப்பெட்டி சட்டகத்தோடு முடுக்கப்பட்டு அசையாதிருக்கும். அதிலிருந்து இருபுறமும் புறப்படும் அரைத்தண்டுகள், உட்புற முனையில் மட்டும் மடங்கும் மூட்டு உடையவை. பெட்டியின் தலைமேல், சக்கரத்திலிருந்து சக்கரம் வரை, வில்லுப்பட்டை ஒன்று குறுக்காகக் கிடக்கும்.

வண்டியின் பின்பகுதியைச் சட்டகத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கிப் பாருங்கள். ஆனால் தாங்குகட்டை வைக்காமல் அடியில் தலையை நீட்ட வேண்டாம். சக்கரங்கள் மேலே விரிந்தும் கீழே குவிந்தும் தொங்கினால் அது முந்திய அமைப்பு. ஒன்றுக்கொன்று நேராகவே நின்றால் விறைத்த அச்சு.

இந்த வேறுபாடு வெறும் பழம்பொருள் ஆராய்ச்சி அன்று. பாபநாசத்திலிருந்து காரையாறு செல்லும் மலைப்பாதை போன்றதோர் இடத்தில், முந்திய ஹெரால்டு வளைவில் விரைந்து திரும்புகிறது என்க. ஓட்டுபவர் திடுமென ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறார். வண்டியின் பின்பகுதி மேலே எழும். வெளிப்புறச் சக்கரம் உள்நோக்கி மடங்கும். தரையின் பிடி சட்டென்று குறையும். வளைவுக்கு முன்னரே வேகத்தைத் தணித்து, வளைவில் சீராகச் செல்வதே இவ்வச்சுக்குரிய முறை. எந்த அச்சு என்று அறியாதவர் இதனை எவ்வாறு அறிவார்?

இக்குறையைத் தணிக்க ட்ரையம்ஃப் பொறியாளர் செய்த திருத்தம் இன்னொரு குழப்பத்தைத் தருகிறது. 1970இல் வந்த ஸ்பிட்ஃபயர் நான்காம் வரிசையில், குறுக்கு வில்லின் அடிப்பட்டையை மட்டும் பெட்டியோடு இறுக்கி, ஏனைய பட்டைகள் ஊசலாடுமாறு விட்டனர். எட்டி நின்று பார்ப்பவர்க்கு இரண்டும் ஒரே வில்லாகத் தோன்றும். நடுவிலுள்ள பிடியை நோக்க வேண்டும்: பழையதில் எல்லாப் பட்டைகளும் அசைவின்றி இறுகியிருக்கும், புதியதில் மேற்பட்டைகள் ஒரு சுழல்பிடியில் அமர்ந்திருக்கும். ஊசல் வில் வண்டியின் சாய்வைத் தடுக்கும் ஆற்றலில் குறைந்தது. ஆதலின் முன்புறத்தில் சாய்வு தடுக்கும் கம்பியைப் பருமனாக்கினர். வில்லை மட்டும் மாற்றிக் கம்பியை மறந்தால், வண்டி வளைவில் மிகுதியாகச் சாயும்.

என் மாணாக்கர் அயல்நாட்டிலிருந்து வருவித்த வில் இந்த ஊசல் வகையே என்பது, பிடியைத் துடைத்துப் பார்த்தபோது தெரிந்தது. உரிய முன்கம்பி வந்து சேரும் வரையில், பழைய வில்லையே எண்ணெயிட்டு மீண்டும் பூட்டியிருக்கிறார்.