நூறு வீதம் என்றால் எத்தனை பேர்?

கணக்காளர்களுக்குப் போல விஞ்ஞானச் செய்தி எழுதுகிறவர்களுக்கும் பயிற்சிப் பட்டறைகளும் மாநாடுகளும் உண்டு. உலக விஞ்ஞான ஊடகவியலாளர்களின் நான்காவது மாநாடு 2004இல் இங்கே கனடாவில், மொன்றியலில்தான் நடந்தது.

இப்படியான பயிற்சிகளுக்கு நல்ல பாடம் ஒன்று. 1995 ஒக்டோபரில் பிரித்தானியாவில், புதுவகைக் கருத்தடைக் குளிசைகள் இரத்தம் கட்டிபடும் ஆபத்தை இரட்டிப்பாக்கும், அதாவது நூறு வீதம் கூட்டும், என்று எச்சரிக்கை வந்தது. செய்தி பரவியது. பெண்கள் பயந்துபோய்க் குளிசையை நிறுத்தினார்கள். அடுத்த வருடம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் ஏறத்தாழ 13,000 கூடியதாக மதிப்பிட்டார்கள்.

உண்மைக் கணக்கு என்ன? 7,000 பெண்களில் ஒருவருக்கு இருந்த ஆபத்து இருவருக்கானது. அவ்வளவுதான். கர்ப்பம் தரிப்பதில் அந்த ஆபத்து இதைவிடக் கூட!

எந்தத் தொகையின் வீதம் என்று சொல்லாத கணக்கில் நான் கையெழுத்து வைப்பதில்லை. ஒலிவாங்கிக்கு முன்னாலும் அதே முறைதான். பார்க்டேலில் அடுக்குமாடியில் தனியே இருந்து வானொலி கேட்கும் அம்மம்மாவுக்கு, பக்கத்தில் விளக்கம் கேட்க ஆளில்லை. சீனி வருத்தக் குளிசை பற்றி நாங்கள் வாசிக்கும் ஒரு வரியோடு அவர் அதை நிறுத்திவிடக்கூடும். ஆகவே வீதம் வந்தால் எத்தனை பேரில் எத்தனை பேர் என்பதையும் சேர்த்தே வாசிப்பேன். அந்த எண்ணிக்கை கிடைக்காத செய்தி அடுத்த கிழமைக்குக் காத்திருக்கட்டும்.