ரேடியோ அலையில் நேரம் திருத்திக்கொள்ளும் சுவர்க் கடிகாரம்: வாங்குமுன் சில விவரங்கள்

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள் கொண்டுவரும் பொருள்களில் சுவர்க் கடிகாரமும் ஒன்று. அதன் முகப்பில் 'ரேடியோ கண்ட்ரோல்டு' என்றோ 'அட்டாமிக்' என்றோ அச்சாகியிருக்கும். செல்லைப் போட்டால் போதும், முள் தானாகவே சரியான நேரத்துக்கு வந்துவிடும் என்பார்கள். இவற்றை மொத்தமாக வரவழைத்து விற்கலாமா என்று எண்ணும் வணிகர்களும் உண்டு. முதல் போடுமுன் இதன் தன்மையைத் தெரிந்துகொள்வது நல்லது.

வேலை செய்யும் விதம்

கடிகாரத்தினுள் அணுவும் இல்லை, அபாயமும் இல்லை. உள்ளே இருப்பது வழக்கமான குவார்ட்ஸ் இயந்திரமும் ஒரு சிறிய ரேடியோ ரிசீவரும்தான். அணுக் கடிகாரம் இருப்பது அரசு நிலையத்தில். ஜெர்மனியில் பிராங்பர்ட் நகருக்கு அருகே மைன்பிளிங்கன் என்னும் ஊரிலிருந்து 77.5 கிலோஹெர்ட்ஸ் நெட்டலையில் நேரக் குறியீடு இரவும் பகலும் ஒலிபரப்பாகிறது. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் போர்ட் காலின்ஸிலிருந்தும், இங்கிலாந்தில் ஆன்தார்னிலிருந்தும் 60 கிலோஹெர்ட்ஸில் இதே சேவை நடக்கிறது. ஜப்பானில் 40, 60 கிலோஹெர்ட்ஸில் இரண்டு நிலையங்கள் உள்ளன.

ஜெர்மன் நிலையம் ஒவ்வொரு விநாடியும் தன் அலையின் வலுவைக் குறைக்கிறது. பத்தில் ஒரு பங்கு விநாடி குறைந்தால் அது சுழி. பத்தில் இரண்டு பங்கு குறைந்தால் ஒன்று. ஒரு நிமிடத்தின் குறிகளைச் சேர்த்தால் மணி, நிமிடம், தேதி, கிழமை, மாதம், ஆண்டு எல்லாம் கிடைத்துவிடும். 59-ஆவது விநாடியில் மட்டும் குறைப்பு இராது. அடுத்த நிமிடம் பிறக்கப்போகிறது என்பதற்கு அதுவே அடையாளம். ஒரு முறை படித்ததை மீண்டும் படித்துச் சரிபார்ப்பதால்தான் கடிகாரம் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்கிறது.

மாட்டும் முறை

ஜெர்மனி, லண்டன், அமெரிக்கா போன்ற இடங்களில் கடை நடத்தும் நம்மவர்கள் கவனிக்க வேண்டியவை இவை:

1. புதிய ஆல்கலைன் பென்டார்ச் செல் போடவும். ரீசார்ஜ் செல்லில் மின்னழுத்தம் குறைவு, அது ஏற்றதன்று. வலு இழந்த செல்லில் முள் ஓடும், சிக்னல் கிடைக்காது.

2. செல் போட்டதும் பெரும்பாலான மாடல்களில் முட்கள் வேகமாகச் சுற்றி 12-இல் வந்து நிற்கும். இது பழுது அன்று, அலையைத் தேடுகிறது. முள்ளைக் கையால் திருப்பக் கூடாது. பொத்தான்களையும் அழுத்திக்கொண்டிருக்க வேண்டாம்.

3. அமெரிக்க மாடலில் கிழக்கு, மத்திய, மலை, பசிபிக் என நான்கு நேர மண்டலங்களுள் தங்கள் ஊருக்குரியதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

4. ஜன்னலுக்கு அருகே வைக்கவும். இரும்பு ரேக், ரோலிங் ஷட்டர், ஃபிரிட்ஜ், கம்ப்யூட்டர், டியூப்லைட் சோக் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் மாட்டினால் அலை தடைப்படும்.

5. பகலில் கிடைக்காவிட்டால் இரவு முழுவதும் விட்டுவிடவும். நெட்டலை இரவில்தான் தெளிவாகவும் தூரமாகவும் செல்லும். பெரும்பாலான கடிகாரங்கள் தினமும் இரவில்தான் நேரத்தைத் திருத்திக்கொள்கின்றன.

ஐரோப்பாவில் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று மணியை மாற்றும் வழக்கம் உள்ளது. அந்த மாற்றத்தையும் கடிகாரம் தானே செய்துகொள்ளும்.

நம் ஊரில் என்ன ஆகும்?

இங்கேதான் வணிகர்கள் விழிப்பாக இருக்க வேண்டும். ஜெர்மன் நிலையத்தின் அலை சுமார் 2,000 கிலோமீட்டர் வரை பயன்படும். சென்னையோ 7,000 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. இந்திய நேரத்தைப் புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் பேணிவருகிறது. ஆனால் இவ்வகைக் கடிகாரங்களுக்கான நெட்டலை ஒலிபரப்பு நம் நாட்டில் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. நம் நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. ஜெர்மன் நேரத்தைவிட நாம் குளிர்காலத்தில் நாலரை மணியும் கோடையில் மூன்றரை மணியும் முன்னால் இருக்கிறோம். அந்த நாட்டுக்கென்று செய்த கடிகாரம் அந்த நாட்டு நேரத்தையே காட்டும். மண்டலம் மாற்றும் வசதியுள்ள மாடல்களிலும் முழு மணிக் கணக்கில் மட்டுமே மாற்ற முடிவது வழக்கம். அரை மணிக்கு இடமிராது.

ஏற்கெனவே வாங்கியவர்கள் வருந்த வேண்டியதில்லை. கையால் நேரம் வைக்கும் பொத்தான் இருந்தால், அதை அழுத்திப் பிடித்து நம் நேரத்துக்குக் கொண்டுவரலாம். அதன்பின் சாதாரண குவார்ட்ஸ் கடிகாரமாக ஓடும். அலை தேடும் வேலையை நிறுத்தும் வசதி இருந்தால் நிறுத்திவிடவும். இல்லையேல் இரவுதோறும் வீணே தேடி செல்லைத் தின்னும்.

லாரி புக்கிங்குக்கும் வங்கிக் கவுண்டருக்கும் பார்த்துக்கொள்ள நல்ல குவார்ட்ஸ் கடிகாரமே போதும். அது மாதத்துக்குச் சில விநாடிகளே முன்பின்னாக ஓடும். மாதம் ஒரு முறை, தானியங்கி நேரம் வைத்த செல்போனைப் பார்த்துத் திருத்திக்கொண்டால் குறை இராது.

விற்பனைக்கு வைப்பவர்களுக்கு ஒரு சொல். 'தானே நேரம் திருத்தும்' என்று கூறி விற்றால், வாடிக்கையாளர் மறுநாளே திரும்பி வருவார். ரேடியோ வசதி இங்கே பயன்படாது என்பதை முன்கூட்டியே சொல்லி, பில்லிலும் எழுதிக் கொடுத்து, சாதாரணக் கடிகாரத்தின் விலைக்கே விற்க முடிந்தால் மட்டும் சரக்கை எடுக்கவும். அந்த விலைக்குக் கட்டுப்படியாகாதெனில் விட்டுவிடுவதே மேல். ஒரு கடிகாரத்தில் கிடைக்கும் லாபத்துக்காகப் பல ஆண்டுகள் சேர்த்த கடைப்பெயரை இழக்க வேண்டாம் என்பதே நம் வேண்டுகோள்.