இதயத்தில் ‘முணுமுணுப்பு’ என்று மருத்துவர் சொன்னால்

பள்ளி மருத்துவ முகாமிலோ, காய்ச்சலுக்காகச் சென்ற இடத்திலோ, “குழந்தையின் இதயத்தில் ஒரு மர்மர் கேட்கிறது, எக்கோ எடுத்துப் பார்த்துவிடுங்கள்” என்று மருத்துவர் கூறினால் பெற்றோர் கலங்குவது இயல்பே. ஆனால் மர்மர் எனப்படும் இதய முணுமுணுப்பு ஒரு நோயின் பெயரன்று. ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் ஓர் ஒலியின் பெயர். அவ்வொலி பலருக்குத் தீங்கற்றது. சிலருக்கு மட்டும் சிகிச்சை தேவைப்படும் குறையைக் காட்டுவது. இவ்விரண்டையும் பிரித்தறிவதே பரிசோதனையின் நோக்கம்.

ஒலி எவ்வாறு எழுகிறது?

இதயத்தின் ‘லப்–டப்’ என்னும் ஓசை, அதன் நான்கு வால்வுகளும் முறைப்படி மூடுவதால் எழுகிறது. அவ்விரு ஒலிகளுக்கும் இடையே இரத்தம் ஓசையின்றிப் பாய வேண்டும். வாய்க்காலில் நிதானமாக ஓடும் நீர் ஒலிப்பதில்லை. மடை குறுகினாலோ, கரையில் கசிவு ஏற்பட்டாலோ, வெள்ளம் விரைந்தாலோ சலசலக்கிறது. இரத்தவோட்டத்திலும் அவ்வாறே. வால்வு சுருங்குதல், வால்வு ஒழுகுதல், இதய அறைகளுக்கு இடைப்பட்ட சுவரில் துளை இருத்தல், இரத்தம் மிகுந்த வேகத்தில் பாய்தல் ஆகியவை அச்சலசலப்பை உண்டாக்குகின்றன.

தீங்கற்ற ஒலிகள்

நன்கு வளர்ந்து ஓடியாடும் குழந்தைகள் பலரிடம் இவ்வொலி கேட்பதுண்டு. இதயத்தில் எக்குறையும் இராது. வளர வளரப் பெரும்பாலும் மறைந்துவிடும். இத்தகைய குழந்தையின் விளையாட்டைத் தடுக்கவோ, நோயாளியாக நடத்தவோ தேவையில்லை. காய்ச்சல், இரத்தசோகை, தைராய்டு மிகைச் சுரப்பு, கர்ப்பகாலம் ஆகியவற்றிலும் இரத்தவோட்டம் விரைவதால் முணுமுணுப்பு தோன்றலாம். காரணம் நீங்கியதும் ஒலியும் நீங்கும்.

குறையைக் காட்டும் ஒலிகள்

சிலர் பிறக்கும்போதே இதயச் சுவரில் துளையோடு பிறக்கின்றனர். முதியோருக்கு மகாதமனி வால்வில் சுண்ணச்சத்து படிந்து அது இறுகலாம். படியேறும்போது மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, மயக்கம் ஆகியவை தோன்றினால் “வயதாகிவிட்டது” என்று ஒதுக்கிவிடக் கூடாது.

நம் நாட்டில் இன்றும் காணப்படும் மற்றொரு காரணம் ருமாட்டிக் காய்ச்சல். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டைப்புண் வந்து இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின், பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குட்பட்டோருக்கு, காய்ச்சலும் மூட்டு வீக்கமும் தோன்றும். மூட்டுவலி தீர்ந்துவிடும்; வால்வில் விழுந்த தழும்போ நிலைத்துவிடக் கூடும். இது மீண்டும் வராமல் தடுக்க 3 அல்லது 4 வாரங்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி பல ஆண்டுகள் தொடர்ந்து போடப்படுகிறது. உடல் நன்றாக இருக்கிறதே என்று அதை இடையில் நிறுத்துவதே வால்வு மேலும் பழுதடைய வழிவகுக்கிறது.

கர்ப்பகாலத்தில் உடலின் இரத்த அளவு ஏறக்குறைய பாதியளவு கூடுகிறது. அதுவரை தொல்லை தராதிருந்த வால்வுச் சுருக்கம் அப்போது மூச்சுத்திணறலாக வெளிப்படலாம். எனவே முன்பு மர்மர் இருப்பதாகச் சொல்லப்பட்ட பெண்கள், கருத்தரிக்கும் முன்னரே இதய மருத்துவரின் ஆலோசனையைப் பெறுவது நன்று.

ஒலியின் அளவைக் கொண்டு நோயின் கடுமையை அளக்க இயலாது. சிறு துளை உரத்து ஒலிக்கலாம்; கடுமையான நோய் மெல்ல ஒலிக்கலாம்.

தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டியவை

• குழந்தை பால் குடிக்கையில் வியர்த்துக் களைத்துப்போதல், எடை கூடாதிருத்தல், அடிக்கடி நெஞ்சுச்சளி
• சிறு வேலைக்கே மூச்சிரைத்தல், தட்டையாகப் படுக்க இயலாமை
• கால் வீக்கம், நெஞ்சுப் படபடப்பு
• வால்வு நோய் உள்ளவருக்குச் சில நாட்களாக நீடிக்கும் காய்ச்சல். இதற்குக் கடையில் தாமாக ஆன்டிபயாட்டிக் வாங்கி உட்கொள்ள வேண்டா. இரத்தப் பரிசோதனைக்கு முன் அவ்வாறு செய்தால் கிருமியைக் கண்டறிவது கடினமாகும்.

உதடும் நாக்கும் நீலம் பாரித்தல், நெஞ்சுவலி, உழைக்கும்போது மயங்கி விழுதல், கடும் மூச்சுத்திணறல், கோழையில் இரத்தம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் 108 ஆம்புலன்ஸை உடனே அழையுங்கள்.

எக்கோ பரிசோதனை

இது ஒலியலைகளைக் கொண்டு இதயத்தைப் படமாகக் காட்டுவது. ஊசியில்லை, வலியில்லை, கதிர்வீச்சு இல்லை. கர்ப்பிணிகளுக்கும் பச்சிளங்குழந்தைகளுக்கும் பாதுகாப்பானது. ஈசிஜி இயல்பாக இருந்தாலும் வால்வில் குறை இருக்கலாம் என்பதால், மருத்துவர் கேட்டால் எக்கோவைத் தவிர்க்க வேண்டா.

செயற்கை வால்வு உள்ளோர்க்கு

உலோக வால்வு ‘கிளிக்’ என்று ஒலிப்பது இயல்பு, அருகிலிருப்போர்க்கும் கேட்கலாம். அவ்வொலி திடீரென மங்கினாலோ மறைந்தாலோ வால்வில் இரத்தக்கட்டி உருவாகியிருக்கக் கூடும். உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். இரத்தம் உறையாமைக்கான மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது. பல் பிடுங்கும் முன், வால்வு பொருத்தப்பட்டிருப்பதைப் பல் மருத்துவரிடம் கூறுங்கள்; கிருமித்தொற்றைத் தடுக்க முன்கூட்டியே மருந்து தேவைப்படும்.

பழைய எக்கோ அறிக்கை, மருந்துச்சீட்டு, ஊசி அட்டை ஆகியவற்றை ஒரே உறையில் சேர்த்து வைத்து, ஒவ்வொரு முறையும் கொண்டு வாருங்கள். சென்ற ஆண்டின் அளவோடு ஒப்பிட்டே வால்வின் நிலையையும் அறுவை சிகிச்சைக்கு உரிய காலத்தையும் மருத்துவர் முடிவு செய்கிறார்.