பெண் கண்ணைத் திருப்பினால் ஆட்டம் கிடையாது!
டாங்கோ மண்டபத்தில் நடக்கும் மௌன நாடகம்

ராத்திரி மணி 11. அர்ஜென்டினா தலைநகரம் பியூனஸ் அயர்சில் ஒரு நடன மண்டபம். ஒரு பக்கம் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். எதிர்ப் பக்கம் ஆண்கள். கோட்டு சூட்டு போட்ட ஆசாமி ஒருவர் எதிர் வரிசையில் இருக்கும் ஒரு பெண்ணையே பார்க்கிறார். லேசாகத் தலையை அசைக்கிறார். அந்தப் பெண் கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்துவிட்டார்.

அவ்வளவுதான். ஆசாமியின் மனு தள்ளுபடி!

சத்தம் இல்லை, சண்டை இல்லை. பக்கத்து நாற்காலிக்காரருக்குக்கூட விஷயம் தெரியாது. ஆசாமி தலையைத் திருப்பி வேறு பக்கம் மனு போடுகிறார்.

டாங்கோ என்றதும் நமக்கு ஞாபகம் வருவது சினிமாதான். ஆண் இழுக்கிறான், சுழற்றுகிறான். பெண் வளைந்து கொடுக்கிறாள். அதிகாரம் எல்லாம் ஆண் கையில் என்று தோன்றும். ஆனால் மேடை டாங்கோ வேறு. ஊர் ஜனங்கள் பொழுதுபோக்காக ஆடும் டாங்கோ வேறு. ஜனங்கள் கூடி ஆடும் இந்தக் கூட்டத்துக்கு ‘மிலோங்கா’ என்று பெயர். அதற்குள் எட்டிப் பார்த்தால் கதையே மாறுகிறது.

கண் ஜாடைதான் அழைப்பு

பழைய முறை மிலோங்காவில் யாரும் யாரிடமும் போய், ‘ஆட வருகிறாயா?’ என்று வாயால் கேட்பதில்லை. ஆண் தலையசைப்பதற்கு ‘கபெசேயோ’ என்று பெயர். பெண் பார்ப்பதற்கு ‘மிராதா’ என்று பெயர். பெண் பார்க்காவிட்டால் ஆண் ஆயிரம் தடவை தலையாட்டினாலும் பிரயோஜனம் இல்லை. ஆக, யாரோடு ஆடலாம் என்று முதலில் தேடுகிற கண் பல நேரம் பெண்ணுடையதுதான்.

சம்மதம் என்றால் சின்னச் சிரிப்பு அல்லது தலையசைப்பு. ஆண் எழுந்து வருவார். அவர் நேர் எதிரே வந்து நிற்கும்வரை பெண் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். காரணம் உண்டு. பின் வரிசைப் பெண்ணுக்குப் போட்ட தலையசைப்பாக இருந்தால்? ஆள்மாறாட்டம் ஆகிவிடும் அல்லவா!

இந்த ஏற்பாட்டில் இரண்டு பேருக்கும் லாபம். நாலு பேர் பார்க்க நடந்து போய், ‘மாட்டேன்’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பினால் ஆணின் மானம் கப்பலேறும். எதிரே வந்து நிற்கிற ஆளிடம் முகத்துக்கு நேராக மறுப்புச் சொல்ல பெண்ணுக்கும் சங்கடம். பாவம் பார்த்து எழுந்து போனால் அவஸ்தை அவருக்குத்தான்.

‘நன்றி’ சொன்னால் முடிந்தது!

ஒரு சுற்றுக்கு ‘டாண்டா’ என்று பெயர். டாங்கோ என்றால் பெரும்பாலும் 4 பாட்டு. பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஓடும். பிறகு சம்பந்தமில்லாத வேறு சங்கீதம் கொஞ்ச நேரம் வரும். ‘திரை’ என்று அர்த்தம் வரும் ‘கோர்ட்டினா’ என்ற பெயர் அதற்கு. எல்லோரும் தரையைக் காலி செய்து இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

கைகோத்த பிறகும் பெண்ணின் உரிமை போய்விடுவதில்லை. எவ்வளவு நெருங்கி நிற்பது என்பதை அவர் தீர்மானிக்கலாம். ஆண் போடுகிற அடி கட்டளை அல்ல, யோசனைதான். ‘பராதா’ என்று ஒரு இடம் வரும். ஆண் தன் பாதத்தைக் குறுக்கே வைத்துப் பெண்ணை நிறுத்துவார். அதைத் தாண்டிப் போவது பெண்ணின் வேலை. அவர் நிதானமாக, காலால் கோலம் போட்டுவிட்டுத் தாண்டலாம். அதுவரை ஆண் காத்திருக்க வேண்டியதுதான்!

பிடிக்கவில்லையா? பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே, ‘கிராசியாஸ்’ என்றால் போதும். நன்றி என்று அர்த்தம். அங்கே அதற்கு, ‘போதும், முடித்துக்கொள்வோம்’ என்று பொருள். மரியாதைக்காக முதல் பாட்டு முடிந்ததும் நன்றி சொல்லிவிட்டு, தனியே நின்று பேந்தப் பேந்த விழிக்கும் புது ஆட்கள் உண்டு.

ஆணோடு ஆண் பயிற்சி

டாங்கோ 19-ம் நூற்றாண்டின் கடைசியில் பியூனஸ் அயர்ஸ், மாண்டிவிடியோ துறைமுகப் பகுதிகளில் பிறந்தது. பிழைப்புத் தேடி ஐரோப்பாவிலிருந்து கப்பல் கப்பலாக ஜனங்கள் வந்து இறங்கிய காலம். 1914-ம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது பியூனஸ் அயர்ஸ்வாசிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். வந்தவர்களில் ஆண்களே அதிகம்; பெண்கள் குறைவு.

ஆட்டம் தெரியாதவனைப் பெண் ஏறெடுத்தும் பார்க்க மாட்டாள். அதனால் வாலிபர்கள் முதலில் ஆணோடு ஆணாக ஆடிப் பழகினார்கள். பெண்ணின் அடியையும் தாங்களே போட்டுக் கற்ற பிறகுதான் மிலோங்கா வாசலை மிதித்தார்கள். பெண்ணின் ‘வேண்டாம்’ என்ற பயமே ஆணை நல்ல ஆட்டக்காரனாக்கியது என்று சொல்லலாம்.

‘இஸ்திரி’ போடும் இரவு

எல்லாம் பெண் ராஜ்யம் என்று நினைத்துவிடக் கூடாது. ராத்திரி முழுக்க யாரும் தலையசைக்காமல் ஒரு பெண் உட்கார்ந்தே இருந்தால், ‘இஸ்திரி போடுகிறாள்’ என்று அந்த ஊரில் கேலி பேசுவார்கள். யார் எந்த நாற்காலி என்பதை ஒதுக்குகிறவர் மண்டபம் நடத்துகிறவர். பழகின முகங்களுக்கு முன் வரிசை. தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்த பெண்ணின் பார்வை யாரை எட்டும்? வயதான பெண்களுக்கும் புதிதாக வந்தவர்களுக்கும் இந்தக் கஷ்டம் அதிகம். கிட்டே வந்து கையை நீட்டி, மறுக்க முடியாமல் செய்கிற ஆண்களும் உண்டு. நெருக்கத்தைச் சாக்கு வைத்து எல்லை மீறுகிறவர்களும் உண்டு.

இதற்கு முடிவு கட்டப் பெண்களே கிளம்பினார்கள். ஆணின் அடியைப் பெண்கள் கற்றுக்கொண்டு தாங்களே நடத்தி ஆடுகிறார்கள். யாரும் யாரையும் அழைக்கலாம், யாரும் நடத்தலாம் என்ற கொள்கையோடு 2007-ல் பியூனஸ் அயர்சில் தனி டாங்கோ விழாவே தொடங்கியது. 2018-ல் பெண்ணிய டாங்கோ இயக்கம் ஒன்று உருவானது. மிலோங்காவில் பெண்ணிடம் யாராவது அத்துமீறினால் நடத்துகிறவர் என்ன செய்ய வேண்டும் என்று அந்த இயக்கம் விதிமுறை எழுதிக் கொடுத்தது.

அதாவது, கண்ணால் சொல்லும் ‘வேண்டாம்’ போதாத இடத்தில், காகிதத்தில் எழுதிய ‘வேண்டாம்’ வந்திருக்கிறது.

கைப்பையைத் தேடிய அந்தப் பெண் என்ன ஆனார் என்கிறீர்களா? அடுத்த டாண்டா தொடங்கும்போது பையை மூடிவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். எந்தப் பக்கம் பார்ப்பது என்பது அவர் இஷ்டம்!