சோதித்தார்கள், சொன்னார்களா?

அரவை நாட்களில் சேத்தியாத்தோப்புக்கு வந்தவர்கள் அறிவார்கள். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் வண்டிகள் ஒரு பக்கம். கும்பகோணத்துக்கும் பண்ருட்டிக்கும், சிதம்பரத்துக்கும் விருத்தாசலத்துக்குமாகப் பறக்கும் லாரிகள் மறுபக்கம். அந்தச் சந்திப்பில், தேநீர்க் கடை பெஞ்சில், லாரி ஓட்டும் தோழர் ஒருவரோடு அமர்ந்திருந்தேன். கூட்டமென்றால் கொடி கட்ட முதலில் மரம் ஏறுபவர். வீட்டில் முழுகாமல் இருக்கிறார்கள், ஐந்தாம் மாதம் என்று முகம் மலரச் சொன்னார். வாழ்த்தினேன். வாழ்த்திய கையோடு கேட்டும் விட்டேன்: "தம்பி, எச்.ஐ.வி. சோதனை செய்துகொண்டதுண்டா?"

கிளாஸ் பாதி வழியில் நின்றது. "என்னண்ணே, என்னைப் பார்த்தா அந்த மாதிரி ஆளாவா தெரியுது?"

அந்த மாதிரி ஆள்! தோழர்களே, இந்தச் சொல்லை அவர் மட்டுமா சொன்னார்? ஒரு நாடே சொல்லிற்று!

அமெரிக்காவில் 1981இல் இந்நோய் வெளிச்சத்துக்கு வந்தது. இங்கே இருந்த பெரியவர்கள் என்ன கூறினர்? அது மேனாட்டார் நோய். ஒழுக்கம் கெட்டவர் நோய். நம் புண்ணிய பூமியில் அது கால் வைக்காது என்றனர். கிருமி என்ன, குலம் கோத்திரம் கேட்டா குடியேறுகிறது?

சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன் அந்த வாய்வீச்சில் மயங்கவில்லை. தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம், ஆய்வுக்கு இதையே எடுத்துக்கொள் என்றார். நிர்மலா தயங்கினார், கணவர் துணிவூட்டினார். மருத்துவமனையிலும், பெண்கள் அடைக்கப்பட்டிருந்த காப்பகத்திலும் ஏறி இறங்கி, ஏறத்தாழ 80 பேரிடம் ரத்தம் எடுத்தார். கையுறை இல்லை. பாதுகாத்து வைக்கத் தக்க வசதியும் இல்லை; பிரித்தெடுத்த ரத்தநீரைத் தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்தார்! 1986 பிப்ரவரியில், அதைப் பெட்டியிலே சுமந்துகொண்டு கணவரும் மனைவியுமாக இரவு ரயிலேறி வேலூர் சென்றனர். அங்கே கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதனை. ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. ஆறு! அமெரிக்காவுக்கு அனுப்பியும் பார்த்தனர். அங்கும் அதே முடிவு. அந்த மே மாதம் அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். இந்தியாவில் இந்நோய் உண்டு என்பதை இந்தியாவுக்கு எடுத்துக் காட்டியது தமிழகம்.

பெருமைதான். ஆனால், ஒன்று கேட்கிறேன். பேராசிரியர் அறிந்தார், டில்லி அறிந்தது, சட்டமன்றம் அறிந்தது. கை நீட்டி ரத்தம் கொடுத்த அந்தப் பெண்கள்? இன்ன சோதனை என்று அவர்களிடம் தாம் கூறவில்லை. பால்வினை நோய்க்கான சோதனை என்றே அவர்கள் எண்ணியிருந்தனர் என்று நிர்மலாவே பின்னாளில் மறைக்காமல் சொன்னார். அவரைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. அந்நாளில் இந்நோய்க்கு ஒப்புதல் பெற்ற மருந்து உலகிலேயே கிடையாது. முதல் மருந்துக்கு அமெரிக்கா இசைவு தந்ததே 1987இல். சொல்லியிருந்தால் கண்ணீரைத் தவிர வேறென்ன கொடுத்திருக்க முடியும்?

மருந்து வந்த பிறகும் சொல்லாமல் விட்ட கதை இருக்கிறதே, அதுதான் நெஞ்சைப் பிளக்கிறது. 2016இல் விருதுநகர் மாவட்டத்தில் ஓர் இளைஞர் முகாமில் ரத்த தானம் செய்தார். கிருமி இருப்பது சோதனையில் தெரிந்தது. ஏட்டில் ஏறிய செய்தி அவர் காதுக்கு எட்டவில்லை. 2018 நவம்பரில், உறவினருக்காகச் சிவகாசியில் மறுபடி ரத்தம் கொடுத்தார். அந்த ரத்தம் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்டது. வெளிநாட்டு வேலைக்காகச் சோதித்துப் பார்த்தபோதுதான் அந்த இளைஞருக்கே உண்மை தெரிந்தது. ஓடி ஒளிந்தாரா? இல்லை! தாமே மருத்துவமனைக்குச் செய்தி சொன்னார், என் ரத்தத்தை எவருக்கும் ஏற்றாதீர்கள் என்று. அதற்குள் காலம் கடந்துவிட்டது. பழிக்கு அஞ்சி, அந்த டிசம்பர் முடிவதற்குள் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தத் தாய்க்குப் பிறந்த குழந்தைக்குத் தொற்று இல்லை என்பது ஒன்றே ஆறுதல். அந்த இளைஞர் எந்த மாதிரி ஆள், தோழர்களே? ரத்தம் கொடுக்க வந்த மாதிரி ஆள்!

ஆகவேதான் சொல்கிறேன்: சோதனையின் முடிவு உன்னுடைய உடைமை. கேட்டு வாங்கு! 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளது. உன் ஒப்புதலின்றிச் சோதிக்கக் கூடாது. முடிவை ஊரறியச் சொல்லக் கூடாது. நோயைக் காட்டி வேலையிலிருந்து விரட்டக் கூடாது என்கிறது அது. அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் என்று பலகை தொங்குகிறதே, அங்கே சோதனைக்குக் காசு இல்லை. தனியே உட்கார வைத்துப் பேசி, பிறகே ஊசி. போகுமுன் கேட்டறிய 1097 என்ற எண் இருக்கிறது, அதற்கும் காசில்லை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: கிருமி புகுந்த மறுநாளே சோதனையில் தெரிந்துவிடாது. அச்சமூட்டும் ஒன்று நேற்று நடந்திருந்தால், இன்றும் சோதித்து, மூன்று மாதம் கழித்து மீண்டும் ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும்.

இருக்கிறது என்று வந்துவிட்டால்? 2004 ஏப்ரலில் தாம்பரத்தில் இலவச கூட்டு மருந்து தொடங்கிய நாளிலிருந்து அந்தக் கேள்விக்கு விடை மாறிவிட்டது. மருந்து கிருமியை அடியோடு அழிப்பதில்லை. பெருக விடாமல் பூட்டி வைக்கிறது. நாள் தவறாமல் விழுங்கி வந்தால், ரத்தத்தில் தேடினாலும் அகப்படாத அளவுக்குக் கிருமி குறைகிறது. அந்த நிலையில் நீடிப்பவரிடமிருந்து உடலுறவால் துணைக்கு நோய் தொற்றுவதில்லை. லாரி ஓட்டலாம், கரும்பு வெட்டலாம், பிள்ளை பெறலாம். விட்டுவிட்டு விழுங்கினால் மட்டும் பூட்டு உடையும்.

தற்காப்பு தெரிந்ததுதான். ஆணுறை, ஒருவர் போட்ட ஊசியை மற்றவர் போடாமை, சோதித்த ரத்தம். தேநீர் கிளாஸ் வழியாக வராது. தோள்மேல் கை போட்டால் வராது. கொசு கடித்தும் வராது.

இவ்வளவையும் அந்தப் பெஞ்சில் சொல்லி முடித்தேன். தோழர் நெடுநேரம் சாலையைப் பார்த்திருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "நான் போறேண்ணே. ஆனா வீட்டுல அவளுக்கு இது தெரியணுமா? பயந்துடுவாளே?"

"தம்பி, கர்ப்பிணிகள் எல்லாருக்கும் இந்தச் சோதனை உண்டு. முதல்முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோதே உன் மனைவியிடம் கேட்டிருப்பார்கள். இந்நேரம் அவர் கை நீட்டி முடித்திருப்பார்."

அவர் எழுந்தார். விருத்தாசலம் அரசு மருத்துவமனையில் அந்த மையம் காலையில் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டார்.